மதி என்று கூப்பிட்டால்

மலைப்பாதையில் முன்னால் வளர்மதி ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் கத்தரீனாள் டீச்சர் சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள். தோட்டக் கூலிகளின் வீட்டு வரிசையான லயத்து வாசலில் வைத்தே "மெதுவாப் போகணும், என்கூடவே வரணும்" என்று சொல்லித்தான் கூட்டிவந்தாள். மெதுவாகப் போகிற நாளா அது? வளர்மதி வேலைக்குப் போகிற முதல் நாள். பதினேழு முடிந்த பெண், உருண்டை முகம், குட்டைக் கழுத்து, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டப்போவதுபோல அம்மா அழகுத்தாய் கனகாம்பரம் வைத்து, நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டும் வைத்து அனுப்பியிருந்தாள். எதிரே விறகு சுமந்து வந்தவனிடம் "வேலைக்குப் போறேன்" என்றாள் வளர்மதி. குழாயடியில் நின்ற பெண்களிடம் சொன்னாள். வழியில் மேய்ந்துகொண்டிருந்த எருமையிடமும் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நாக்கு தடித்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும் பேச்சு அவளுடையது. எருமைக்கு எப்படியோ, மனிதர்களில் பாதிப் பேருக்கு அவள் சொன்னது விளங்கவில்லை. அதனால் என்ன, டீச்சர் பின்னாலேயே வந்து எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். எருமைக்கு மட்டும் சொல்லவில்லை.

டீச்சருக்கும் நெஞ்சு ஒரு நிலையில் இல்லை. குமுளியில் கன்னியாஸ்திரிகள் நடத்திவந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தை யாரும் அதன் பெயரால் சொல்வதில்லை. 'மந்தபுத்தி ஸ்கூல்' என்று சொன்னால் கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். புத்தி வளர்ச்சி மட்டுப்பட்ட பிள்ளைகள், பெரும்பாலும் சுற்றுவட்டார எஸ்டேட்டுகளின் பிள்ளைகள். பாட்டு, ஜெபம், கை கழுவுதல், சட்டைக்குப் பித்தான் போடுதல் எல்லாம் கற்றுக்கொண்டு, கொஞ்சம் வளர்ந்ததும் காகிதக் கவர் ஒட்ட உட்கார்ந்துவிடுவார்கள். பதினெட்டு ஆனால் பெயரை வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். கத்தரீனாள் எஸ்டேட் லயத்தில் பிறந்து, திருச்சிப் பக்கம் போய் இந்தப் பிள்ளைகளுக்கென்றே தனிப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவள். கவர் ஒட்டி ஒட்டிப் பிள்ளைகளின் விரல்தான் ஒட்டிப்போயிற்று என்று பள்ளிக்கூடத்துத் தலைவியான மதரிடம் நேராகவே சொன்னாள். வேலையை வேலை நடக்கிற இடத்தில்தான் கற்றுக்கொள்ள முடியும், முதலில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகி வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மதர் நெற்றியைச் சுருக்கினார். கூட்டிக்கொண்டு போய் யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்குத்தானே வலி என்றார். கத்தரீனாள் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற வயது அவளுக்கு.

மாதா கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுக்க வந்த ஏலத்தோட்டத்து முதலாளியை வாசலிலேயே மடக்கிக் கேட்டதும் அவள்தான். கோட்டயத்துக்காரர். இல்லை என்று சொல்லவும் மனம் வராமல், சரி என்று சொல்லவும் துணிவு வராமல், இரண்டு வாரம் வந்து பார்க்கட்டும் என்றார். இரண்டாவது சனிக்கிழமை, காய் மூட்டைகள் குமுளிக்குப் போகிற அன்று, தானே வந்து பார்த்து முடிவு சொல்வதாகச் சொன்னார். யாரை முதலில் அனுப்புவது என்று கத்தரீனாள் யோசிக்கவே இல்லை. வளர்மதிக்குத்தான் நாள் குறைவாக இருந்தது.

அழகுத்தாய் அந்தத் தோட்டத்திலேயே ஏலக்காட்டில் காய் எடுக்கிறவள். புருஷன் சுடலை போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. மகளுக்கு அந்தப் பெயரை வைத்தது அவன்தான். தேனியில் ஏதோ கட்சிக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, குலசாமி பெயர் வேண்டாம் என்று சண்டை பிடித்து வைத்த பெயர். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அழகுத்தாய் மகளை உள்ளே விட்டு, கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போவாள். ஒருமுறை பெண் பாட்டுக்கு நடந்து செக்போஸ்ட் தாண்டி மலைச்சாலையில் பாதித் தூரம் இறங்கிவிட்டாள், லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு வந்து விட்டான். அதிலிருந்து கொண்டி. டீச்சர் ஒருநாள் எதற்கோ லயத்துக்கு வந்தபோது கதவுக்கு உள்ளே வளர்மதி பாடிக்கொண்டிருந்தாள். வெளியே தள்ளிய கொண்டியை டீச்சர் எடுத்துவிட்டதும், "ஸ்கூலுக்கா?" என்று கேட்டுக்கொண்டே பையோடு வந்து நின்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் பெயரை வெட்டிவிட்டால் அப்புறம் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான் என்று அன்றைக்கு டீச்சருக்குப் பட்டது, பட்டது பட்டதுதான்.

ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். வாசலை நெருங்கும்போதே வாசனை வந்து மூக்கில் மோதியது. உள்ளே நீண்ட அறை. சாக்கு விரித்து வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவர் மடி முன்னாலும் முறம்போல ஒரு சொளகு. இரவெல்லாம் விறகுச் சூட்டில் உலர்ந்து வந்த காய் பச்சைப் பசேலென்று நடுவில் குவிந்திருந்தது. வெடித்த காய் ஒரு பக்கம், வெளுத்த காய் ஒரு பக்கம், நல்ல பச்சை ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். வளர்மதி வாசலில் நின்றே அந்தக் குவியலைப் பார்த்து இரண்டு கையையும் தட்டினாள். வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். டீச்சருக்குக் காது சூடாயிற்று. வளர்மதிக்கு அதெல்லாம் கணக்கிலேயே இல்லை. நேரே போய் முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முத்துப்பேச்சி தென்காசிப் பக்கத்துக்காரி. மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டே திரிகிறவள். "நல்லா இருந்துக்கோ, எம் மடியிலயே இருந்துக்கோ" என்றாள். வளர்மதி அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நெருங்கினாள். பெண்கள் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு முதலில் சிரித்த சிரிப்பு இல்லை என்று டீச்சருக்குத் தெரிந்தது.

வேலை வந்தது. அதிசயமாகவெல்லாம் வரவில்லை, எல்லோருக்கும் வருகிறதுபோல வந்தது. முதல் நாள் வெடித்த காயும் நல்ல காயும் கலந்தே விழுந்தன. இரண்டாம் நாள் ஒரு காயை வாயில் போட்டு மென்றுவிட்டு, காரத்தில் கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தாள். அதற்கு அடுத்த நாட்களில் விரல் பழகியது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து "வாய் திறந்திருக்கா, மூடியிருக்கா?" என்று கேட்பாள். வாய் திறந்த காயை வளர்மதி "பேசுற காய்" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் வரிசை முழுவதும் வெடித்த காய்க்குப் பேசுகிற காய் என்றே பெயர் ஆயிற்று. மாலையில் லயத்துக்குத் திரும்பும்போது டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்தது யாரைக் கூட்டிவரலாம், அதற்கடுத்தது யாரை என்று பஸ் வரும்வரை மனதுக்குள்ளேயே பள்ளிக்கூடம் முழுவதையும் ஸ்டோரில் உட்காரவைத்துப் பார்த்தாள்.

ஒரே ஒரு தொல்லை. வளர்மதி ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். நன்றாகக் குனிந்து பிரித்துக்கொண்டிருப்பவள் திடீரென்று சொளகை வைத்துவிட்டு எழுந்து, அறையின் கோடியில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற சூப்பர்வைசர் அவுசேப்பின் முன்னால் போய் நின்றுவிடுவாள். நின்று அவர் முகத்தையே பார்ப்பாள். அவுசேப்பு கேரளத்துப் பாலா ஊர்க்காரர், வயதானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். முதல் நாள் சிரித்து அனுப்பினார். அடுத்த நாள் கையைக் காட்டி அனுப்பினார். அதற்கடுத்த நாள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தபோது காலடியில் வந்து நின்றவளைப் பார்த்து அவருக்கே எரிச்சல் வந்து, "மதி, மதி, அவிடெ போயி இரி" என்று அதட்டினார். வளர்மதி இன்னும் ஓர் அடி நெருங்கி நின்றாள்.

டீச்சர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். வளர்மதியைச் சுவர் ஓரமாக உட்காரவைத்தாள். இரண்டு சாக்கை மடித்துப் போட்டு உயரமாக உட்காரவைத்தாள். எழாமல் இருந்தால் சாயந்தரம் வடை என்றாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும், சொல்லிக்கொடுக்காததையும் செய்தாள். "யாரும் கூப்பிடலை வளர்மதி, உக்காரு" என்று ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்து இழுத்தாள். "கூப்புட்டாரு" என்பாள் வளர்மதி. "இல்லை, கூப்பிடலை" என்பாள் டீச்சர். வளர்மதி உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுவாள். எழுகிறபோது டீச்சரைப் பார்க்காமலேயே எழுவதற்கும் பழகிக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தின் வியாழக்கிழமை அவுசேப்பு டீச்சரைத் தனியாக வெளியே கூப்பிட்டுப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. தன் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றுதான் ஆரம்பித்தார். கை வேலை குறையில்லை, ஆனால் உலர்த்துகிற அறையில் நெருப்பு இருக்கிறது, மூட்டை ஏற்றுகிறவர்கள் குறுக்கே நெடுக்கே போகிறார்கள், இப்படி எழுந்து எழுந்து வருகிற பெண்மேல் ஒரு மூட்டை விழுந்தால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். சனிக்கிழமை அவர் கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன் என்றார். கத்தரீனாளுக்கு இதற்குப் பதில் இல்லை. அன்று லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அழகுத்தாய் அடுப்பை விட்டு எழுந்து வந்து, டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். கேட்காமலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"விடுங்க டீச்சரம்மா. பூட்டிப் போட்டா எங்கிட்டுப் போச்சுன்னு தேட வேணாம்ல. அது ஒரு நிம்மதிதான்."

நிம்மதி என்று சொன்ன முகத்தில் நிம்மதியைத் தேடினாலும் கிடைத்திருக்காது. கதவின் வெளிப்பக்கம் கொண்டி தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரீனாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் விஷயம் வெடித்தது. பெரிய தூக்குவாளியில் கட்டன் சாயா வந்தது. ஊற்றுகிறவன் அவுசேப்பின் தம்ளரில் ஊற்றிக்கொண்டே இருந்தான். அவர் கையை நீட்டி "மதி" என்றார். வளர்மதி தன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் நின்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். டீச்சர் போய் அழைத்துவந்து உட்காரவைத்தாள். அவள் உட்கார்ந்ததும் முத்துப்பேச்சி திரும்பினாள்.

"ஏட்டி, ஒரு எடத்துல இருக்க மாட்டியா? ஒனக்குக் காலுல சக்கரமா கட்டியிருக்கு?"

வளர்மதி இதுவரை யாரிடமும் கோபப்பட்டதில்லை. இப்போது அவள் முகம் சிவந்தது. சொற்களை ஒன்று ஒன்றாகப் பிரித்து, ஸ்டோர் முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவருதான் கூப்புடுறாரு. போய் நின்னா, போங்கிறாரு. வந்து உக்காந்தா மறுபடி கூப்புடுறாரு. எனக்குக் கால் வலிக்காதா?"

"யாரு கூப்புட்டா? என்னன்னு கூப்புட்டாரு?"

"மதின்னு. நாள் பூராம் மதி, மதின்னு."

கத்தரீனாளின் கையில் இருந்த தம்ளர் அப்படியே நின்றது. மலையாளத்தில் மதி என்றால் போதும். சாக்கு நிறைந்தால் மதி, தராசு சமமானால் மதி, சாயா ஊற்றினால் மதி. ஒரு நாளைக்கு எத்தனை மதி! வீட்டில் அழகுத்தாய் மகளைக் கூப்பிடுவது மதி என்றுதான். பள்ளிக்கூடத்தில்தான் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம். லயத்து வாசலில் நின்று "ஏ மதி, டீச்சர் வந்தாச்சு" என்று அந்த அம்மா கத்துவதை டீச்சரும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு என்று அவளுக்குப் பெருமை உண்டு. தமிழ் வந்தால் தமிழாக, மலையாளம் வந்தால் மலையாளமாகக் காது தானே பிரித்து எடுத்துக்கொண்டுவிடும். அந்தக் கெட்டிக்காரக் காதில்தான் இத்தனை நாள் இது விழவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து போய் நிற்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்ததே இந்த டீச்சர்தான். பெண் அதை அச்சு பிசகாமல் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

டீச்சர் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அவுசேப்பிடம் மலையாளத்தில் கொட்டினாள். அவர் முதலில் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். பரிசோதித்துப் பார்க்கிறவர்போல மெல்லிய குரலில் "மதி" என்றார். மதி எழுந்துவிட்டாள். "ஈசோயே" என்று இயேசுவைக் கூப்பிட்டபடி அவர் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஸ்டோரே குலுங்கிச் சிரித்தது. கோபம் போகாமல் நின்றிருந்த மதியும் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

சிரித்து முடித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. சனிக்கிழமைக்கு ஒரே இரவு. அவுசேப்பு மதி என்று சொன்னால் அது உன்னை இல்லை, சாக்கை என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். மதி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், அடுத்த மதிக்கு எழுந்துவிட்டாள். ஸ்டோரில் மட்டும் 'வளரு' என்று வைத்துக்கொள்ளலாமே என்றாள் முத்துப்பேச்சி. "எம்பேரு மதி" என்று மதி சொன்னாள். அதற்குமேல் பேச்சில்லை. அப்படியானால் அவுசேப்புதான் மாற வேண்டும். நான் பால் குடிக்கிற நாளில் இருந்து சொல்லிவருகிற சொல்லை இன்றைக்கு எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று அவர் கேட்டார். இருந்தாலும் முயன்றார். பாவம், முயலவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது. 'போதும்' என்பது அவர் வாயில் 'போதம்' என்று வந்தது. மலையாளத்தில் போதம் என்றால் சுயநினைவு. யாருக்குச் சுயநினைவு போயிற்று என்று தெரியாமல் காய் கொட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தாமல் கொட்டினான். சாக்கு வழிந்து தரையெல்லாம் ஏலக்காய். பெண்கள் பொறுக்கிப் பொறுக்கிச் சிரித்தார்கள். சாயந்தரம் போகும்போது அவர் வாய்க்குள்ளேயே "போதும், போதும்" என்று ஜெபம்போல முணுமுணுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை முதலாளியின் ஜீப் வெயில் ஏறும் முன்பே வந்துவிட்டது. அவர் உள்ளே வந்து தராசுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்காராமல் சுவரோரம் நிற்கட்டும், தனியாக எப்படிச் செய்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்று சொன்னார். கத்தரீனாள் சுவரோரம் போய் நின்றாள். மதி குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். பேசுகிற காய் ஒரு பக்கம், பேசாத காய் ஒரு பக்கம். முத்துப்பேச்சி ஓரக்கண்ணால் அவளையும், இன்னொரு ஓரக்கண்ணால் அவுசேப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவுசேப்பு இரண்டு மூட்டைக்கு ஒழுங்காக, விரலை உயர்த்திக் காட்டியே நிறுத்தினார். மூன்றாவது மூட்டைக்குக் காய் விழுந்துகொண்டிருந்தபோது முதலாளி அவரிடம் விலை நிலவரம் ஏதோ கேட்டார். பதில் சொல்லத் திரும்பியவர் சாக்கு விளிம்பில் காய் ஏறிவிட்டதைப் பார்த்தார்.

"மதி!"

சொன்ன உடனே அவர் வாயைப் பொத்திக்கொண்டார். வரிசையில் எல்லாக் கையும் நின்றது. மதியின் கையும் நின்றது. ஒரு முழங்கால் சாக்கைவிட்டு எழும்பியது. உட்காரு என்று டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டாள். சொன்னால் எல்லாம் போயிற்று. முத்துப்பேச்சியின் கை மதியின் பாவாடை நுனியைப் பிடிக்க நீண்டு, பாதியில் நின்றது. மதி அரைகுறையாக எழுந்த நிலையில் அவுசேப்பைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்த சாக்கைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் கத்தரீனாளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"என்னையவா, சாக்கையா?" என்றாள் மதி.

"சாக்கினெ, மோளே" என்றார் அவுசேப்பு. சாக்கின் வாயைப் பிடித்துக் காட்டினார். "சாக்கினெ."

மதி உட்கார்ந்தாள். சொளகை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

ஸ்டோரில் அப்போது எழுந்த சிரிப்பும் சத்தமும் காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டதாம். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவுசேப்பு கையையும் காலையும் ஆட்டி விளக்கினார், எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்தவர்போல. டீச்சர் மறுக்கவில்லை. அன்றைக்கு அவர் ஆகாயத்தையே தான் கண்டுபிடித்ததாகச் சொல்லியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பாள். முதலாளி சிரித்தாரா என்பதை மீசை மறைத்துவிட்டது. மதியின் சொளகுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நல்ல காயை ஒரு கை அள்ளி விரலால் பரப்பிப் பார்த்தார். அதில் ஒரு வெடித்த காய் கிடந்தது. எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். மதி அதை அவர் கையில் இருந்து வாங்கி, "பேசுது" என்று சொல்லிவிட்டு, வெடித்த காயோடு போட்டாள். மறுபடியும் குனிந்துகொண்டாள். முதலாளி எழுந்து வேட்டியை உதறினார். திங்கட்கிழமை வரட்டும், டீச்சர் இல்லாமல் வரட்டும், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பார்க்கலாம் என்பது சரி என்பதா இல்லை என்பதா என்று கத்தரீனாள் யோசிக்கத் தயாராக இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டாள், தவறவிட்டது தெரியாமல் நடந்தாள். மதரிடம் சொல்லும்போது எதை முன்னால் சொல்வது எதைப் பின்னால் சொல்வது என்று தெரியாமல் "என்னையவா சாக்கையா" என்பதில் இருந்தே ஆரம்பித்தாள். மதருக்குத் தமிழ் அரைகுறை, இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, அப்படியானால் அடுத்தது யார் என்றார். இந்தக் கேள்விக்கு மட்டும் கத்தரீனாளிடம் ஆயத்தமாகப் பதில் இருந்தது.

திங்கட்கிழமை டீச்சர் போகக் கூடாது. போகக் கூடாது என்று ஞாயிறு முழுவதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். உள்ளே போகவில்லை, அதுவரைக்கும் சொல்பேச்சு கேட்டாள். ஸ்டோர் முற்றத்துக்கு எதிரே விறகு அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டாள். மூடுபனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், முதுகில் கூடையோடு அழகுத்தாய். காட்டுக்குப் போகிற வழி இது இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், திருட வந்த இடத்தில் சந்தித்துக்கொண்டவர்கள்போல. தன்னைக் கூடவே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மதி முத்துப்பேச்சியோடு முன்னால் போய்விட்டாள் என்று அழகுத்தாய் புகார் சொன்னாள். புகார் சொல்லும்போது பல் எல்லாம் தெரிந்தது.

அன்று காய் உரசுகிற நாள். உலர்ந்த காயைக் கம்பி வலைமேல் போட்டு இரண்டு கையாலும் உரசினால் நுனியில் ஒட்டியிருக்கிற வால் உதிரும். தூசி பறக்கும் என்பதால் பெண்கள் எல்லோரும் தலையோடு சேர்த்து மூக்கு வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்த கதவு வழியாக அந்த வரிசை தெரிந்தது. எல்லாம் வெளுத்த துண்டு கட்டிய தலைகள், குனிந்த முதுகுகள். யாரோ ஒருத்தி ஏதோ சொன்னாள், வரிசை முழுவதும் குலுங்கியது. அவுசேப்பின் குரல் அதட்டியது. என்ன சொன்னார் என்று அவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. யாரும் எழவில்லை.

அழகுத்தாய் விறகுக் கட்டையில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரைக்கும் பார்த்தாள்.

"இதுல எது டீச்சரம்மா நம்ம புள்ள?"

கத்தரீனாள் குதிகாலை உயர்த்திப் பார்த்தாள். இடமிருந்து பார்த்தாள், வலமிருந்து பார்த்தாள். உருண்டை முகமும் தெரியவில்லை, இரட்டைச் சடையும் தெரியவில்லை. முத்துப்பேச்சி எது என்று தெரிந்தாலாவது பக்கத்தில் பார்க்கலாம், அதுவும் தெரியவில்லை.

"எனக்கும் தெரியலையே" என்றாள்.

சொல்லிவிட்டு அழகுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழகுத்தாய் கூடையை இறக்கி வைக்கவும் இல்லை, காட்டுக்குக் கிளம்பவும் இல்லை. உள்ளே எல்லாத் தலையும் சேர்ந்தாற்போல முன்னால் சாய்ந்தன, பின்னால் வந்தன, முன்னால் சாய்ந்தன. கதவு வழியாக ஏலத்தூசி பச்சையாகக் கிளம்பி, இளவெயிலில் கொஞ்ச நேரம் நின்று, அவர்கள் நின்ற பக்கமாக வந்துகொண்டிருந்தது.